படகு தண்ணீர் குடிக்கட்டும்

கையில் கொஞ்சம் காசும் அதைவிடக் கூடுதலாக ஆசையும் உள்ள ஒருவர், பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு அடி நீளம். தேக்குப் பலகை, பலகையைத் தாங்கும் விலா எலும்பாகக் கருவேலமர வங்கு, இரும்பு ஆணி. யாரோ உல்லாசத்துக்காகக் கட்டியது. பல கை மாறி, கடைசியாக ஒரு கொட்டகையில் நாலைந்து கோடையைப் பார்த்துவிட்டது. அதை லாரியில் ஏற்றிக் கடலூர் முதுநகருக்குக் கொண்டுவந்து, உப்பனாற்றங்கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார். மரப்படகைக் கட்டியும் பழுது பார்த்தும் பழகிய கைகளைத் தேடி வந்த இடம் அது.

படகுக்குள் குனிந்து பார்க்கிறார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. சில இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம். மனிதர் பதறிப்போய்க் கடைத்தெருவுக்கு ஓடி இரண்டு டப்பா எபாக்சி வாங்கி வருகிறார். மேஸ்திரி தடுக்கிறார்.

"அதை வச்சு அடைச்சிராதீங்க சார். இது தண்ணி குடிச்சே நாலஞ்சு வருஷம் ஆச்சு. முதல்ல குடிக்கட்டும்."

இந்த அத்தியாயத்தில் பாதி, அந்தப் பேச்சுக்கு எழுதிய உரைதான்.

மரத்தைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், கோரைக் கட்டை வெட்டிப் பார்த்தது போலிருக்கும். குழல் குழலாகச் செல்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சுவர். காய்ந்த மரம் ஈரத்தைக் கண்டதும், முதலில் அந்தச் சுவர்தான் நீரை இழுத்துக்கொண்டு பருக்கிறது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 28 சதவீதம் அளவுக்கு நீர் ஏறியதும் சுவர் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் நீர் குழலின் வெற்றிடத்தில் போய் நிற்குமே தவிர, மரம் அதற்கு மேல் பருக்காது. பருப்பதிலும் ஓரவஞ்சனை உண்டு. நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே நடக்காது. அகலவாக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் பருப்பது, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

தேக்கு இதில் அடக்கமான மரம். அப்படியும், 15 செ.மீ. அகலமுள்ள காய்ந்த தேக்குப் பலகை நீரில் ஊறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 2 முதல் 4 மி.மீ. வரை அகலும். படகின் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பலகை என்றால் மொத்தம் 2 முதல் 4 செ.மீ. அந்த வளர்ச்சிக்கு ஒரு போக்கிடம் வேண்டும். பாறையில் குழி வெட்டி, காய்ந்த மர ஆப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றிப் பாறையையே பிளந்த வித்தையில் வேலை செய்ததும் இதே விசைதான். இடைவெளியில் கல்லாக இறுகிய எபாக்சி உட்கார்ந்திருந்தால் ஒன்று வங்கு தெறிக்கும், அல்லது ஆணி பிடுங்கிக்கொள்ளும், அல்லது பலகை தன் விளிம்பைத் தானே நசுக்கிக்கொள்ளும். நசுங்கிய விளிம்பு மறுபடி எழாது. அடுத்த கோடையில் படகைக் கரையேற்றும்போது இடைவெளி முன்னைவிடப் பெரிதாக இருக்கும். நம்மவர் நாலு டப்பா வாங்க ஓடுவார்.

ஆகவே சந்துக்குள் போக வேண்டியது இறுகாத பொருள். பருத்தித் திரியை முறுக்கி, மழுங்கிய உளியால் வைத்து, கொட்டாப்புளியால் அளவாகத் தட்டி இறக்குவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த சாந்து. இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுக்கீசியரின் 'கலஃபாத்தே' நம் வாயில் இப்படி ஆனது என்பார்கள். அவர்கள் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம் என்று அழைத்த ஊரை நாம் பரங்கிப்பேட்டை என்கிறோம். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் நமக்கு ஒட்டவில்லை. அவர்கள் கைத்தொழிலின் பெயர் ஒட்டிக்கொண்டது. திரியை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. கொட்டாப்புளியின் சத்தம் மாறும்போது கை நின்றுவிட வேண்டும். அதிகம் இறக்கினால் நனைந்து பருக்கும் பலகைக்கு இடமில்லை. குறைத்தால் திரி அலையில் கழன்றுவிடும்.

தண்ணீர் குடிக்க வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி. மேஸ்திரி சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு படகைத் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல மரம் கணீரென்று பேசும். கெட்ட மரம் தொப்பென்று முனகும். நம்மவருக்கு ஆச்சரியம், அவர் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கவில்லை என்பதில்தான். கடலில் கிடக்கும் அடிப்பலகைதானே முதலில் அழுகியிருக்கும்? மேஸ்திரியோ மேல்தளத்தின் விளிம்பையும், பாய்மரம் வந்து உட்காரும் காலடியையும், முன்முனையான அணியத்தின் உள்மூலையையும் தட்டிப் பார்க்கிறார். சத்தம் அங்கேதான் செத்துப்போயிருக்கிறது.

மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கிவிட்டால் அதனால் வளர முடியாது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்தில் காற்று போதாது. போதாக்குறைக்கு, மரத்தை அழிக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு உப்பு ஆகாது. பழைய கப்பல் தச்சர்கள் வங்குகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததுண்டு; ஊறுகாய்க்கும் கப்பலுக்கும் ஒரே வைத்தியம். அதனால் மரப்படகு கடல் நீரில் அழுகுவதைவிட மழை நீரில்தான் அதிகம் அழுகுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கொட்டும் மழை மேல்தளத்தின் ஒரு வெடிப்பு வழியே சொட்டி, காற்றோட்டமில்லாத மூலையில் தேங்கி நிற்கிறதே, பூஞ்சைக்கு அதுதான் விருந்து. சிதம்பரத்துச் சிற்சபை மரத்தால் ஆனது. பொன் வேய்ந்த கூரை அதை நனையவிடுவதில்லை. நனையாத மரத்தைப் பூஞ்சை தொடாது. படகுக்கும் கூரை போடலாம். ஆனால் நம்மவர் செய்தது போலத் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால், உள்ளே மரம் வேர்த்து வேர்த்தே வீணாகும். அணியத்திலும், பின்முனையான அமரத்திலும் காற்று நுழைய வாய் விட்டுத்தான் மூட வேண்டும்.

மரத்தோடு மரம் சேரும் சந்து ஒன்று. மழையோடு காற்று சேரும் மூலை ஒன்று. இவை இரண்டையும்விடக் கொடிய சந்து, மரத்துக்குள் இரும்பு போய் உட்காரும் இடம்.

உப்பு நீரில் ஊறிய மரம் மின்சாரத்துக்கு வழி விடும். அதில் அடித்த இரும்பாணி ஒரு குட்டி மின்கலம் ஆகிவிடுகிறது. ஒரு முனையில் இரும்பு கரைந்து அங்கே அமிலம் சேர்கிறது; இன்னொரு முனையில் காரம் சேர்கிறது. அமிலம் மரத்தின் செல்லுலோசை அறுக்கிறது. காரம், செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைக் கரைக்கிறது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, நைந்து, பஞ்சாகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். ஆணி துருப்பிடித்ததால் மரம் கெட்டதா, மரம் நனைந்ததால் ஆணி கெட்டதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று தின்றன என்பதே பதில். பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் சற்றுப் பெரிய ஆணியை அடிப்பதால் பயனில்லை. நைந்த மரத்தை நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, சாய்வாகச் சீவிய புதுத் துண்டை வைத்து இணைக்க வேண்டும். ஒட்டு வைத்தது தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

இந்த ஆணிப் பிரச்சினையைச் செம்பு இன்னும் பெரிதாக்கியது; அந்தச் செம்பில் கடலூருக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 போர்க்கப்பல்களும், ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின. ஹ்யூஸின் கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு வேய்ந்திருந்தது. சுஃப்ரானின் கப்பல்களில் சிலவற்றுக்கு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. செம்பில்லாத கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் படர்ந்து, அது பின்தங்கும், அணிவகுப்பே குலையும். இத்தனைக்கும் சுஃப்ரானுக்கு இந்தக் கரையில் பழுது பார்க்கத் துறை என்று ஒன்று கிடையாது. முந்தைய ஆண்டு நாகப்பட்டினத்துச் சண்டையில் அடிபட்ட கப்பல்களைக் கடலூருக்குக் கொண்டுவந்து, சின்னக் கப்பல்களின் பாய்மரத்தைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களுக்கு நட்டுத்தான் சமாளித்தார். 1783 சண்டையில் எண்ணிக்கையும் செம்பும் எதிராளியிடம் இருந்தும், ஹ்யூஸ்தான் சென்னைக்குப் பின்வாங்க நேர்ந்தது. செம்பு எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

செம்பே ஒரு வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. 1761இல் ஆங்கிலேயக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலுக்கு முதன்முதலாகச் செம்பு வேய்ந்து பார்த்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பிரித்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல இடங்களில் கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் அவ்வளவு கெடாமல் நின்றன. காரணத்தைத் தேடினால், செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அங்கே யாரோ உரிக்காமல் விட்டிருந்தார்கள். காகிதம் செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் பிரித்து வைத்திருந்தது. ஒரு வேலைக்காரரின் சோம்பல், மின்வேதியியல் என்ற சொல் பிறப்பதற்கு முன்னாலேயே அதன் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

1824இல் ஹம்ப்ரி டேவி இன்னொரு வழி கண்டார். செம்போடு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ சிறு துண்டாக இணைத்துவிட்டால், அந்தத் துண்டு கரைந்து செம்பைக் காப்பாற்றும். காப்பாற்றியது. ஆனால் செம்பு கரையக் கரையத்தான் அதன் நஞ்சு கொட்டலசை விரட்டும். கரையாத செம்பில் கொட்டலசு சுகமாகக் குடியேறியது. இன்று படகின் அடியில் பூசும் சிவந்த பெயின்ட் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தது, அதைக் கரைய விட்டுத்தான் வேலை வாங்குகிறோம். டேவியின் துத்தநாகத் துண்டோ எஞ்சின் தண்டுக்குப் பக்கத்தில் இன்றும் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நம்மவர் புத்திசாலி. "அப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டா போட்டுடலாமே?" என்கிறார். தளத்துக்கு மேலே போடலாம். நீர்மட்டத்துக்குக் கீழே நனைந்த மரத்துக்குள் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது, அதன் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கீறினால் மறுபடி உண்டாகக் காற்று வேண்டும். ஈர மரத்தின் இருட்டுக்குள் காற்று இல்லை. வெளியே தலை பளபளக்கும்; உள்ளே கழுத்து மெலிந்துகொண்டே போகும். சிலிக்கன் வெண்கலமோ செம்போ போடுவதுதான் வழி. செலவு அதிகம்தான்.

ஆணியே வேண்டாம் என்று நம் கரை வெகு காலம் முன்பே முடிவெடுத்திருந்தது. கட்டுமரத்தில் ஆணி இல்லை, கயிறுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். வெயிலில் ஊறலும் போகும், துளைக்கும் உயிரும் சாகும். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு விறைத்து நிற்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அந்த வித்தையில் கட்டிய 'கௌண்டின்யா' என்ற பாய்மரக் கப்பலை 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை தன்னோடு சேர்த்துக்கொண்டது.

துளைக்கும் உயிர் என்றேன். அதைப் பற்றிப் பேசப் பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தெற்கே பிச்சாவரம் சதுப்புக் காடு. சுரபுன்னையும் கண்டலும் வளர்ந்து, சாய்ந்து, சேற்றில் விழும் இடம். விழுந்த மரமெல்லாம் என்ன ஆகிறது? கப்பல் புழு தின்கிறது. புழு என்பது பெயர்தான். அது மட்டியின் உறவு. ஓடு உடம்பை மூடாமல் சுருங்கித் தலைப்பக்கம் அரமாக நிற்கிறது. அந்த அரத்தால் மரத்தை ராவி ராவி உள்ளே போகிறது. மரத்தைச் செரிப்பது அதன் செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உதவியால். மரத்தில் இல்லாத நைட்ரஜன் சத்தையும் நீரில் கரைந்த நைட்ரஜனிலிருந்து அவையே பிடித்துக் கொடுக்கின்றன. காட்டுக்கு அது துப்புரவுப் பணியாளர். படகும் விழுந்த மரம்தான் என்பது அதன் எண்ணம்.

அது நுழையும்போது குண்டூசித் தலை அளவுதான். ஓட்டையும் அவ்வளவே. உள்ளே போனபின் வளர்ந்து விரல் பருமனாகிவிடும். எனவே வெளியே பலகை வழவழவென்று இருக்கும், உள்ளே தேன்கூடு. கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தில், புழு தின்ற கப்பல்களை 1503இல் ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு ஓராண்டு தவித்ததும் இதனால்தான். மாறாக, 1628இல் மூழ்கிய சுவீடனின் 'வாசா' கப்பலை 1961இல் தூக்கியபோது அது முழுசாக வந்தது. பால்டிக் கடலில் கப்பல் புழுவுக்குப் போதுமான உப்பில்லை.

இதில் நம் கழிமுகங்களுக்கு ஒரு வசதி உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு பெருகி வரும்போது, கழிமுகத்து நீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். அந்தக் காலத்து மாலுமிகள் கப்பலை ஆற்றுக்குள் ஏற்றி நிறுத்திப் புழுவைக் கொன்றதுண்டு. உப்பனாற்றிலும் மழைக்காலத்தில் அதை முயலலாம். ஆனால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் பலிக்காது. புழுவின் வாலில் இரண்டு சிறு மூடிகள் உண்டு. பிடிக்காத நீர் வந்தால் ஓட்டையை அடைத்துக்கொண்டு சில வாரம்கூட உள்ளே பொறுத்திருக்கும்.

வராமல் தடுக்கப் பூச்சு. அதற்குக் கடலூர் மாவட்டத்தைவிட நல்ல இடம் எது? பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. முந்திரிப் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் தோட்டிலிருந்து கறுத்த எண்ணெய் வருகிறது. நம் கரைகளில் படகுக்கு அதைப் பூசி வந்திருக்கிறார்கள். அதில் இருப்பது அனகார்டிக் அமிலம், சூடாக்கினால் கார்டனால். இவை பீனால் வகை, நுண்ணுயிருக்கு ஆகாதவை. காற்றுப் பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துத் தோலாக இறுகுகின்றன. நம் துணியில் சலவைக் குறி போட்ட சேராங்கொட்டையும், ஜப்பானியரின் அரக்குப் பூச்சு மரமும் முந்திரியின் குடும்பத்தார்தான். மூன்றுமே தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். முந்திரி மரமும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கலப்பத்தின் பெயரையும் அதன் மேல் பூசும் எண்ணெயையும் ஒரே ஆட்களிடம் வாங்கியிருக்கிறோம்.

  

இத்தனையும் மரப்படகுக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கரையெல்லாம் ஃபைபர் படகு நிரம்பிவிட்டது. அதைப் பழுது பார்க்க ரெசின், மேட், கோபால்ட், கேட்டலிஸ்ட் போதும். சித்திரை வெயிலில் கலவை சட்டென்று இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். புழு தொடாது, பூஞ்சை தொடாது. ஆனாலும் மேல்பூச்சு வழியே நீர் நுழைந்து, உள்ளே ரெசினைச் சிதைத்து, கொப்புளம் கிளப்பும். குத்தினால் புளித்த வாடையோடு நீர் பீறிடும். அதிலும் நோய் இரண்டு பொருள் சேரும் இடத்தில்தான்.

பழைய மரப்படகுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையின் 'அன்னபூரணி'யைச் சொல்வேன். 1930இல் தமிழ்க் கைகள் கட்டிய இரட்டைப் பாய்மரச் சரக்குக் கப்பல் அது. உலகைச் சுற்றிய அமெரிக்கப் பாய்மர வீரர் வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச்சென்று 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள்.

நம்மவரின் படகுக்கு வருவோம். நைந்த மரம் போய்ப் புதுத் துண்டு ஏறிவிட்டது. வெண்கல ஆணி, பருத்தித் திரி, குங்கிலியச் சாந்து, செம்பு பெயின்ட் எல்லாம் ஆயிற்று. இறக்குவதற்கு முன் நாலு நாள் ஈரச் சாக்கைப் பலகைமேல் போர்த்தி, உள்ளேயும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு உப்பனாற்றில் இறக்கலாம். முதல் ராத்திரி எல்லாச் சந்திலும் நீர் கசியும். பயந்துபோய்க் கரையேற்றிவிடாதீர்கள். மூன்று நாள் படகைக் கரையோரமே கட்டிவைத்து, பம்பை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுங்கள். கசிவு நின்றபிறகு பாயை ஏற்றிக்கொள்ளலாம்.